ஏரியலைக் கழற்றினாயா

என் ரேடியோ சரியில்லை என்று
லீபாயாவில் இருக்கும் இமாண்ட்ஸுக்குத் தட்டினேன்.
புள்ளியும் கோடுமாய்ப் போனது அது,
இரண்டு கடல், நார்வே, ஸ்வீடன் எல்லாம் தாண்டி.

சரியில்லை என்றால்?

இரைகிறது.

எப்படி?

மோசமாக.

கொஞ்ச நேரம் அங்கிருந்து எதுவும் வரவில்லை.
அந்த மௌனமும் எனக்கு இரைந்துகொண்டுதான் இருந்தது.
பிறகு, சில்லறை எண்ணிக் கொடுப்பவர் போல,
எழுத்து எழுத்தாக:
எப்போதிலிருந்து.
எந்நேரமுமா.
ஏரியலைக் கழற்றினாயா.

சுருக்கென்று கோபம் வந்தது எனக்கு.
ஆறுதல் கேட்டவளிடம்
விசாரணை நடத்துகிறாரே.

வாகுர் துறைமுகத்தில் பகல் முழுக்க
மீன் பெட்டி எண்ணுகிறவள் நான்.
எந்தப் படகு, எத்தனை கிலோ, எத்தனை மணிக்கு என்று
எழுதாமல் ஒரு பெட்டியையும் உள்ளே விட்டதில்லை.
கேப்டன்கள் முறைப்பார்கள்.
முறைக்கட்டும்.
வீட்டுக்கு வந்ததும் மட்டும்
மொட்டைத் தாத்தா குட்டையில் விழுந்தார் என்கிறேன்.
எந்தத் தாத்தா, எந்தக் குட்டை?

பெட்டிக் கணக்கு நோட்டின் பின்பக்கம் இப்போதும் இருக்கிறது:

செவ்வாய். ஆறு பத்துக்குத் தொடங்கியது.
பத்து பத்துக்கு நின்றது, கத்தியால் அறுத்தது போல.
புதன். அதே. மழை.
வியாழன். அதே. மழை இல்லை.
(இத்தனை நாள் மழையைத் திட்டியது வீண்.)
வெள்ளி. தங்கை வீட்டில் பிறந்தநாள். தெரியாது.
சனி. ஏரியலைக் கழற்றினேன், போய்விட்டது.
மாட்டினேன், வந்துவிட்டது.
வீட்டு மின்சாரத்தை நிறுத்திக்
கார் பேட்டரியில் ஓட்டினேன்.
அப்போதும் இருக்கிறது.

ஞாயிறு எட்டு மணிக்கு
ஒரு பெயரடை சேர்க்காமல்
அதை அப்படியே தட்டினேன்.
மோசம் என்ற சொல்லுக்கு அதில் இடமே இருக்கவில்லை.

இமாண்ட்ஸ் சொன்னார்:
பெட்டி நலம். வெளியே இருந்து வருகிறது.
நட.

நடந்தேன்.
மழைக்கோட்டுப் பையில் சின்ன டிரான்சிஸ்டர்.
தபால் பெட்டியருகே முனகியது,
சரிவில் இறங்கியபோது அடங்கியது,
திரும்பி ஏறினால் மறுபடி முனகல்.
நாலு ஆடுகள் வழிமறித்து
இவளுக்கென்ன ஆயிற்று என்று பார்த்தன.
ஹெய்னியின் ஜன்னலுக்குக் கீழே
பை முழுக்கக் குளவிக்கூடு.

உள்ளே கத்திரிப்பூ நிறத்தில் வெளிச்சம்.
வெளிச்சத்துக்கு அடியில், விரல் உயரத்தில்,
தக்காளி நாற்றுகள்.

வாசலுக்குப் போகும் ஏழு எட்டில்
மனசுக்குள் ஒரு வாக்கியம் தயாரித்தேன்:
உங்கள் விளக்கு ஏன் என் ரேடியோவைக் கெடுக்கிறது?
நல்ல வாக்கியம்தான்.
கேள்விக்குறியைக் கழற்றிவிட்டால்
அப்பட்டமான தீர்ப்பு.

கதவு திறந்தது.
அந்த விளக்கை இரண்டு நிமிடம் அணைத்துப் பார்க்கலாமா, என்றேன்.

அணைத்தார்.
என் பைக்குள்ளிருந்து, தெளிவாக,
யாரோ ஒருவர் போர்த்துக்கீசில்
எதையோ பட்டியலிட்டுக்கொண்டிருந்தார்.
போட்டார். குளவி.
அணைத்தார். போர்த்துக்கீசு.
மூன்றாம் முறை நான் கேட்கவில்லை.
அவராகவே செய்தார்.

இரு, என்று உள்ளே போய்
ஒரு விதைப் பொட்டலத்தோடு வந்தார்.
அதன் முதுகில் பென்சில் எழுத்து:

விளக்கு மினுங்குகிறது. எட்டு மணிக்கு.
சீராக இல்லை. சில குட்டை, சில நீளம்.
திங்கள், செவ்வாய், புதன், வியாழன், சனி.
இன்றும்.
பல்பு மாற்றினேன், அப்படியேதான்.
வெள்ளி மட்டும் இல்லை.

வெள்ளி ஏன் இல்லை,
அதுதான் பிடிபடவில்லை என்றார்.

வெள்ளி நான் தங்கை வீட்டில் இருந்தேன், என்றேன்.

இருவரும் நாற்றுகளைப் பார்த்தோம்.
திங்கள் இரவு
சரியில்லை, மோசமாக, சரியில்லை என்று
புள்ளியும் கோடுமாய்
அந்த இலைகள் மேலும் விழுந்திருக்கிறேன்.
பாவம், அவை என்ன பதில் சொல்லும்.